மலை இல்லாத வன்னியிலிருந்து மலையேற உடலைப் பழக்குவது எப்படி?

வன்னி நிலம் தட்டையானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களில் வயலும் காடும் குளமும் நிறைய உண்டு. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஏறத்தக்க மலை கிடையாது. ஆயினும் மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், இங்கிருந்து வான் பிடித்துப் போகும் குடும்பங்களும் இளைஞர் குழுக்களும் ஏராளம். அவர்களிற் பலர் மலையடிவார ஊரான நல்லதண்ணியில் இறங்கியதும் முதல் அரைமணி நேரத்தை ஓட்டமும் நடையுமாகக் கழித்துவிட்டு, மீதி வழியை தேநீர்க் கடை வாங்குகளில் குந்திக் குந்திக் கடக்கிறார்கள். அவர்களுக்கு உடல் வலு இல்லை என்று சொல்ல மாட்டேன். வயலில் நாள் முழுவதும் வேலை செய்யக்கூடிய உடல்கள் அவை. ஏறுவதற்கென்று அந்த உடல்களைப் பழக்கிய நாட்கள்தான் இல்லை. அப்படிப் பழக்குவதற்கான வழியை, வன்னியில் கிடைக்கும் இடங்களையும் இங்குள்ள பருவகாலத்தையும் வைத்தே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இலக்கை எண்ணாக அறிந்துகொள்ள வேண்டும். சிவனொளிபாதமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரத்தில் உள்ளது. நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறுவோர் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தை 5,000 இற்கும் மேற்பட்ட படிகள் வழியாகக் கடக்கிறார்கள். பாதையின் நீளத்தைப் பலரும் பலவாறு சொல்வதால் 6 கிலோமீற்றர் என்று கொள்வோம். மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க, 1892 இல் ஸ்கொட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் ஒரு மணித்தியாலம், அதனுடன் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்திற்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம் என்பதே அது. அதன்படி பார்த்தால் நம்முடைய பாதைக்கு 2 மணி 50 நிமிடமளவில் வருகிறது. இது நன்கு பழகிய ஒருவர் ஓய்வின்றி ஏறும் நேரம்; பழக்கமில்லாதவருக்கு நான்கு மணித்தியாலமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். உங்கள் நேரத்தை இந்தக் கணக்குக்கு அருகில் கொண்டுவருவதே ஆறு மாதப் பயிற்சியின் நோக்கமாக இருக்கட்டும்.

ஆறு மாதம் அதிகம் என்று எண்ணுவோருக்கு உடல் மாறும் ஒழுங்கை விளக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி தொடங்கிய மூன்று நான்கு கிழமைகளிலேயே மூச்சு இலகுவாகும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பும். தசைகளும் ஓரிரு மாதங்களில் ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும். ஆனால் குதிக்கால் தசைநாணும் முழங்காற்சிரட்டையைச் சுற்றியுள்ள இழையங்களும் எலும்பும் பல மாதங்கள் எடுத்தே உறுதிபெறுகின்றன. பயிற்சியில் இறங்கும் இளைஞர்களுக்கு இரண்டாம் மாதம்தான் ஆபத்தானது. மூச்சு இடங்கொடுக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டுவார்கள். இன்னும் பதப்படாத தசைநாண் அதைத் தாங்காமல் நோகும். அந்த நோவோடும் விடாமல் ஓடி, இறுதியில் அந்த வருடப் பயிற்சியையே கைவிடுவார்கள். ஆகவே உங்கள் வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையை மூச்சிடம் கொடுக்காதீர்கள். மூட்டும் தசைநாணும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்.

மெதுவான பயிற்சியால் வேகம் வருமா என்ற கேள்விக்கு விளையாட்டு வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட், 800 மீற்றர் ஓட்டக்காரரான பீற்றர் ஸ்னெலை வாரத்திற்கு 100 மைல் வரை மலைப்பாதைகளில் ஓடவைத்தார். இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் போட்டிக்கு இது எதற்கு என்று அந்நாளில் வியந்தவர்கள் உண்டு. ஸ்னெல் 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றரிலும், 1964 இல் டோக்கியோவில் 800 மீற்றர், 1500 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றார். இன்னும் குறுகிய நேரப் போட்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் வேகச் சுவரேற்றத்தில் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ 15 மீற்றர் சுவரை 4.75 செக்கன்களில் ஏறித் தங்கம் பெற்றார். அந்தப் போட்டியில் சுவரின் சாய்வும் பிடிகளின் இடமும் உலகெங்கும் ஒன்றே. ஆகையால் வீரர்கள் அதே அசைவுகளை வருடக்கணக்கில் திருத்தித் திருத்திப் பழகுகிறார்கள். நம் ஊரில் பூநகரிப் பக்கமோ மன்னார்ப் பக்கமோ தளைநார் போட்டுப் பனையேறும் தொழிலாளியை ஒரு காலைப்பொழுது கவனித்துப் பாருங்கள். எந்த மரத்திலும் அவசரப்படாமல், எந்த மரத்தின் அடியிலும் மூச்சிரைக்காமல், அவர் ஏறி இறங்கும் மொத்த உயரம் உங்களை மலைக்க வைக்கும். அந்தச் சீரான அசைவு இளவயதிலிருந்து உடலில் படிந்தது.

புரட்டாதி முதல் பங்குனி வரை

மலை ஏறும் நாளைப் பங்குனி மாதத்தில் வைத்துக்கொள்வது வன்னியில் இருப்பவர்களுக்குப் பொருத்தமானது. அதற்குள் காலபோக அறுவடை முடிந்துவிடும், மாரி மழையும் ஓய்ந்துவிடும், யாத்திரைக் காலமும் நடந்துகொண்டிருக்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பயிற்சி செப்டெம்பர் நடுப்பகுதியில், அதாவது புரட்டாதி பிறக்கும்போது தொடங்க வேண்டும்.

முதல் ஆறு கிழமைகள் சமதரையில் நடையும் மெல்லோட்டமும் மட்டுமே. கிழமைக்கு நான்கு நாட்கள், 30 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக 60 நிமிடம் வரை கொண்டுபோங்கள். வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டு போக முடிந்தால் வேகம் சரி. ஓரிரு சொற்களுக்கு மேல் வராமல் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். தனியே போகிறவர் ஒரு தேவாரத்தையோ பாடலையோ வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். இந்த எளிய வேகத்தில்தான் தசைகளுக்குள் மயிர்க்குழாய்கள் எனும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, சக்தியை உருவாக்கும் இழைமணிகள் கூடுகின்றன, கொழுப்பை எரித்து நீண்ட நேரம் இயங்கும் திறன் உடலுக்கு வருகிறது. ஆறு மாதங்களின் மொத்தப் பயிற்சி நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வேகத்திலேயே செல்ல வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இளைஞர்கள் மிக எளிதில் தவிர்த்துவிடும் பகுதி இதுவே. பார்ப்பவர்களுக்கு இது பயிற்சியாகவே தோன்றாது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

கார்த்திகையும் மார்கழியும் மாரிகாலம். ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், குளங்கள் வான்பாயும். இந்த மாதங்களைப் படிப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பாடசாலை மாடிக் கட்டடத்திலோ பொதுக் கட்டடத்திலோ அனுமதி பெற்று, ஒரு மாடிக்கான படிகளை எண்ணி, ஒரு படியின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். ஒரு படி 16 சென்றிமீற்றர், மாடிக்கு 20 படிகள் என்றால் ஒரு தடவை ஏறுவது 3.2 மீற்றர், 31 தடவை ஏறினால் ஏறத்தாழ 100 மீற்றர். முதற் கிழமையில் ஒரு நாளுக்கு 50 மீற்றர் போதும். கிழமைக்கு இரண்டு நாட்கள் என்ற அளவில் தொடர்ந்து, மார்கழி முடிவில் 200 மீற்றரை எட்டினால் நல்ல முன்னேற்றம். எழுதி வைக்க ஒரு கொப்பி வேண்டும். ஏறிய உயரம், எடுத்த நேரம், மறுநாள் எங்கே நொந்தது ஆகிய மூன்றையும் குறித்து வாருங்கள். மூன்றாவது குறிப்புத்தான் பின்னர் அதிகம் உதவும்.

ஏறும் முறையையும் இக்காலத்திலேயே பழக வேண்டும். பாதம் முழுவதும் படியில் பதியட்டும். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் தசை அரைமணி நேரத்தில் சோர்ந்துவிடும். முழுப் பாதத்தை ஊன்றினால் தொடையும் இடுப்புப் பின்தசையும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். இடுப்பை மடித்துக் குனியாமல், கணுக்காலிலிருந்து உடலைச் சற்றே முன்சாயுங்கள். உயரமான படி வரும்போது கையைத் தொடையில் ஊன்றித் தள்ளுவதில் எந்தக் குறையும் இல்லை. ஊன்றிய காலை நிமிர்த்தி, உடல் எடை எலும்பின்மீது ஒரு கணம் நிற்கவிட்டு, பிறகு அடுத்த காலை எடுத்து வைக்கும் பழக்கம் உயர்ந்த மலைகளில் ஏறுவோரிடம் உண்டு. அந்த ஒரு கணம் தசைக்குக் கிடைக்கும் ஓய்வு ஆயிரக்கணக்கான படிகளில் பெருந்தொகையாகச் சேர்கிறது.

தை பிறந்து மழை விட்டதும் குளக்கட்டுகளுக்குப் போகலாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம், அக்கராயன்குளம், கட்டுக்கரைக்குளம் என்று வன்னியின் எந்தப் பகுதியில் இருப்பவருக்கும் எட்டும் தூரத்தில் ஓர் அணைக்கட்டு இருக்கிறது. கட்டின் உயரம் 8 மீற்றர் என்று வைத்தால், மலையின் 1,000 மீற்றரைச் சேர்க்க 125 தடவை ஏற வேண்டும். ஒரே நாளில் அதைச் செய்யும்படி சொல்லவில்லை. 40 அல்லது 60 தடவை ஏறும் நிலைக்கு மாசி நடுவில் வந்துவிட்டால் போதுமானது. ஒரு வேண்டுகோளை இங்கே அழுத்தமாக வைக்கிறேன். புல் வளர்ந்த சரிவில் ஒரே தடத்தில் ஏறி இறங்கினால் புல் அழிந்து, அடுத்த மாரியில் அந்த இடத்தில் மண் அரிக்கும். துரிசுக்கு அருகிலுள்ள படிகளையோ கட்டுக்கு ஏறும் வாகனப் பாதையையோ மட்டுமே பயன்படுத்துங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலுக்கு நீர் தரும் கட்டு அது.

இரண்டு மாதம் படி பழகியவர்கள் முதுகுப்பையில் சுமை சேர்க்கலாம். அதற்குச் சிறந்தது தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம் என்பதால் அளவு தெளிவு. மேலே போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் போத்தலோடு இறங்கினால், ஏறும் தசைகளுக்குப் பயிற்சி கிடைக்கும், இறங்கும்போது முழங்காலில் சுமை விழாது. இரண்டு லீற்றரில் தொடங்கி ஐந்திற்கு மேல் போகாதீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரை அருகில் இருப்பவர்கள் ஈரமில்லாத மணலில் நடப்பதும் கெண்டைக்காலுக்கு நல்ல பயிற்சி. சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு சோளகக் காற்றே ஏற்றமாகிறது; பரந்தனிலிருந்து பூநகரி நோக்கி எதிர்காற்றில் ஒரு மணித்தியாலம் மிதிப்பவரின் தொடைகள் மலைக்கு முக்கால் பங்கு ஆயத்தமாகிவிடும். அந்தக் காற்று புரட்டாதியோடு தணிந்துவிடுவதால், தொடக்க நாட்களிலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அறுவடை வேலைக்குப் போகிறவர்கள் அந்த வேலையையும் பயிற்சியாகவே கணக்கிட வேண்டும். நாள் முழுவதும் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் குளக்கட்டு ஏறுவது உறுதியைக் காட்டலாம். உடலுக்கு அது கேடு. தொழில் எதுவாயினும் ஒவ்வொரு நான்காவது கிழமையும் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள், ஏனெனில் உடல் உறுதிபெறுவது ஓய்வில்தான். காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட எட்டுப் பத்துத் துடிப்புகள் கூடியிருந்தால் அன்று நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேகம் சேர்க்கும் காலம்

தை மாதத்திற்கு முன் வேகப் பயிற்சி வேண்டாம். அதன்பின் கிழமைக்கு ஒரு நாள் மட்டும், நன்றாக உடலைச் சூடாக்கிய பின், ஒரு நிமிடம் தொடர்ந்து விரைவாகப் படியேறி, மூச்சு முழுவதும் அடங்கும்வரை மெதுவாக இறங்கி நடந்து, மீண்டும் ஏறுங்கள். நான்கு தடவையில் தொடங்கி எட்டில் நிறுத்தலாம். கடைசித் தடவையும் முதல் தடவையும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும் என்பதே இதன் அளவுகோல்; கடைசியில் நேரம் கூடிவிட்டால் முதலில் அதிகம் விரைந்துவிட்டீர்கள் என்று பொருள். மலையிலும் இதே விதிதான் செல்லும்.

இந்த மண்ணில் கவனிக்க வேண்டியவை

விடியுமுன் எழும்புவது நல்லது, ஆனால் நிலம் தெரியும் வெளிச்சம் வந்த பிறகே காட்டோரக் குளக்கட்டுகளுக்குப் போங்கள். அதற்கு முந்திய இருள் யானைகள் நீர் குடித்துத் திரும்பும் நேரம். கண்ணாடிப் புடையன் இளவெயிலுக்குப் பாதையோரம் கிடக்கும். மூடிய சப்பாத்து வேண்டும். பல குளங்களில் முதலை இருப்பதால் பயிற்சி முடிந்து கால் கழுவ நீரோரம் இறங்க வேண்டாம். குறுக்குவழி என்று எண்ணி மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ அடையாள நாடாவோ உள்ள காட்டுக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். பாதை போட்ட இடத்திலேயே நடங்கள்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. வெயிலில் வியர்த்து நீர் குறைந்த உடலில் வலிநிவாரணி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஏறுவதற்கு முன் முழங்கால் வலிக்காது என்று நம்பி மாத்திரை விழுங்கும் வழக்கம் யாத்திரைக் குழுக்களில் இருக்கிறது; தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு குவளை, ஒரு மணித்தியாலத்திற்கு மேல் நீடித்தால் இடையிடையே சிறிது சிறிதாக, முடிந்தபின் சிறுநீர் வெளிர்நிறமாகும்வரை என்று குடிக்கலாம். மிகுதியாக வியர்த்த நாளில் ஜீவனியோ உப்பிட்ட கஞ்சியோ நல்லது. ஏறும்போது உண்பதற்குப் பனங்கட்டியும் வறுத்த கச்சானும் மலிவானவை, பையிலும் பழுதாகாது.

செயற்கைக் காலோடு வாழ்வோரும் உடலில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்வோரும் நம்மிடையே பலர். அவர்களுக்கும் மலை உரியதுதான். ஆனால் பயிற்சி தொடங்குமுன் வைத்தியரிடம் காட்ட வேண்டும்; செயற்கைக் காலின் பொருத்தத்தையும் படியேறுவதற்கேற்பச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வியர்வையில் தோல் உரசிப் புண்படுவது அவர்களுக்கு முதன்மையான இடர் என்பதால், ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் பின் தோலைப் பார்த்துக்கொள்வதும், மாற்று உறை கொண்டுபோவதும், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகத் தொடங்குவதும் அவசியம். இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் வைத்திய ஆலோசனையின்றி இறங்கக் கூடாது.

மலையில்

ஏறும் நாளுக்கு முந்திய பத்து நாட்களில் பயிற்சியைப் பாதியாக்குங்கள். புதிய சப்பாத்து வாங்காதீர்கள். ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்ததும், வன்னியில் அறியாத குளிர் இருக்கும். ஏறும்போது மெல்லிய உடுப்பே போதும். கனத்த கம்பளி உடுப்பும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும், வியர்வை நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் விடியலுக்காக நிற்பதுதான் பலரை நோயாளியாக்குகிறது. முதல் ஒரு மணித்தியாலம், பயிற்சியின் தொடக்கக் கிழமைகளில் நடந்த அதே பேச்சு வேகத்தில் ஏறுங்கள். பலர் உங்களைக் கடந்து போவார்கள், போகட்டும். பாதை மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகிறது. கடைசிப் பகுதிக்கே உங்கள் வலுவைச் சேமித்து வைக்க வேண்டும். வேகம் கூட்ட விரும்பினால் அதற்குரிய இடம் அது. ஓய்வெடுக்கும்போது இரண்டு மூன்று நிமிடத்திற்கு மேல் உட்காராதீர்கள், தசை குளிர்ந்துவிடும்.

இறக்கத்தை எல்லோரும் இலேசாக எண்ணுகிறார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே சுமையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வாட்டும் வலி அதனால் வருவது. முன்கூட்டியே ஓரிரு தடவை நீண்ட இறக்கம் பழகிய தசைக்கு அடுத்த சில கிழமைகள்வரை இந்தச் சிதைவு குறைவாகவே நேரும். எனவே மாசி மாதத்தில் ஒரு நாள், ஏறிய அளவு முழுவதையும் கவனமாகப் படியில் இறங்கியே முடிக்க வேண்டும். மலையில் குறுகிய அடி வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு தடியின் துணையோடு, படியிலிருந்து படிக்குக் குதிக்காமல் இறங்குங்கள்.

வீடு திரும்பும் நீண்ட பயணத்தில் வாகனம் நிற்கும் இடமெல்லாம் இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது கால் வீக்கத்தைக் குறைக்கும். அடுத்த மூன்று நாட்கள் நடை மட்டும். வலி முழுவதும் விட்ட பிறகே படிகளைத் தொடலாம். படியிறங்கும்போது முழங்காற்சிரட்டையில் வலி இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். பின்னதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.